ஃபுளோரிடா வீட்டு ஜன்னலுக்கு எது பொருந்தும்: பிளைவுட்டா, உலோகத் தகடா, மடிப்பு ஷட்டரா, இம்பாக்ட் கண்ணாடியா?

அட்லாண்டிக் ஹரிகேன் (கடும்புயல்) பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. குடிநீர், பேட்டரி, மாத்திரை போன்றவற்றைக் கடைசி வாரத்தில்கூட ஒருவாறு சேர்த்துவிடலாம்; ஜன்னல் காப்பை அப்படிச் சேர்க்க முடியாது. ஃபுளோரிடாவில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் பிளைவுட், தகடு, ஷட்டர், கண்ணாடி ஆகியவற்றுள் எது வலிமையானது என்றே முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஃபுளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டம் வழங்கும் சான்று பெற்ற தகடு, ஷட்டர், கண்ணாடி ஆகிய மூன்றும், ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் எய்து, பின்னர் காற்றழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஒரே சோதனையைத் தாண்டி வந்தவை. ஆகவே வலிமையைவிட முக்கியமான கேள்வி, புயல் வரும்போது அதை மாட்டுவதற்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதே.

ஜன்னல் உடைந்தால் மழைநீர் உள்ளே வரும் என்பதோடு சேதம் முடிவதில்லை. உடைந்த வழியே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. அதே நேரத்தில் மேலே வீசும் காற்று அதை உறிஞ்சி இழுக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே கரையேறிய ஆண்ட்ரூ புயல் பல்லாயிரம் வீடுகளைச் சிதைத்த பிறகே கட்டட விதிகள் கடுமையாகி, 2002-இல் மாநிலம் முழுமைக்குமான புதிய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. (கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. உடையும் துண்டுகள் பெரிதாக விழும் அபாயமே மிஞ்சும்.)

பிளைவுட்டின் ஒரே சிறப்பு விலை. குறைந்தது எட்டில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்பதால், முழுப் பலகை ஒன்றே ஏறத்தாழ 25 கிலோ கனக்கும். புயல்காற்று எட்டுவதற்கு 48 மணி நேரம் முன்பு முதல் எச்சரிக்கை வெளியாகும்போது கடைகளில் வரிசை நீண்டு, பலகை தீர்ந்துபோயிருக்கும். முன்கூட்டியே வாங்கி, அளந்து வெட்டி, சுவரில் திருகாணிக்கான பிடிமானங்களைப் பதித்து வைக்காதவருக்கு இது மலிவான வழியே அல்ல. மாடி ஜன்னலுக்கு ஏணிமேல் நின்று இதைத் தூக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

நெளிவுள்ள எஃகு அல்லது அலுமினியத் தகடுகள் இதைவிடப் பல மடங்கு மேலானவை. மேலேயும் கீழேயும் நிரந்தரமாகப் பதித்த தண்டவாளத்தில் செருகி, இறக்கை நட்டுகளால் முடுக்கினால் போதும். எந்த ஜன்னலுக்கு எந்தத் தகடு என்று எண்ணிட்டு வைப்பதும், விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் கையுறை அணிவதும் அவசியம். ஆனால் இதற்கும் ஆள்பலமும் அரைநாள் பொழுதும் வேண்டும். 2024-இல் ஹெலீன் புயல் செப்டம்பர் 26 அன்றும், மில்டன் புயல் அக்டோபர் 9 அன்றும் ஃபுளோரிடாவில் கரையேறின. இரண்டு வாரத்துக்குள் மாட்டி, கழற்றி, மீண்டும் மாட்டுவது இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு எளிதன்று. கழற்றாமலே விட்டாலோ வீடு இருண்டு கிடப்பதுடன், தீ விபத்தில் தப்பும் வழியும் அடைபடும்.

அக்கார்டியன் எனப்படும் மடிப்பு ஷட்டர் ஜன்னலின் இருபுறமும் எப்போதும் மடங்கி நிற்கும். ஒருவரே இழுத்துப் பூட்டிவிடலாம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான பெற்றோர்கூடத் தரைத்தள ஜன்னல்களைச் சமாளிப்பார்கள். முகப்பின் அழகு கெடும் என்ற குறை உண்மைதான். கடலோர உப்புக்காற்றில் சக்கரங்கள் இறுகாதிருக்க ஆண்டுதோறும் கழுவிச் சிலிக்கோன் தெளிக்கவும் வேண்டும். என்றாலும் செலவுக்கும் பயனுக்கும் உள்ள பொருத்தத்தில் நான் முதலிடம் தருவது இதற்கே.

இம்பாக்ட் கண்ணாடி விலையில் உச்சம். அனுமதி பெற்றுப் பொருத்தி முடிக்க மாதங்களும் ஆகலாம். இரு கண்ணாடிகளுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் படலம், கண்ணாடி விரிசலுற்றாலும் திறப்பு ஏற்படாமல் தடுக்கிறது. விரிசலுற்ற கண்ணாடியைப் பின்னர் மாற்றியே ஆகவேண்டும். இதன் உண்மையான ஆதாயம், ஆளில்லா வீட்டையும் இது காக்கும் என்பது. பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் ஜூன், ஜூலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகின்றன. பருவத்தின் உச்சம் செப்டம்பர் என்றாலும், 2024-இல் பெரில் புயல் ஜூலை 8 அன்றே டெக்சாஸில் கரையேறியது. ஆண்டுதோறும் ஊருக்குப் போகிறவர் ஷட்டரை மூடிவிட்டுப் போகலாம், அல்லது கண்ணாடிக்குச் செலவழிக்கலாம். தகட்டை நம்பி அண்டை வீட்டாரிடம் சாவி கொடுத்துச் செல்வது முறையன்று.

வெள்ள அபாய வெளியேற்ற மண்டலத்தில் உள்ளவருக்கு இவற்றில் எதுவும் தங்கியிருப்பதற்கான அனுமதி ஆகாது; கடல்நீர் ஏறும் என்றால் வீட்டை விட்டு நீங்கவே வேண்டும்.

பணம் போதாதவர் மாடிக்குக் கண்ணாடி, கீழே தகடு என்று கலந்து செய்யலாம். அப்போது கராஜ் கதவை மறக்கக் கூடாது. வீட்டின் மிகப் பெரிய திறப்பு அதுவே, காற்றுக்கு முதலில் வளைவதும் பெரும்பாலும் அதுவே. காப்பீட்டுச் சலுகைக்கான ஆய்வில் மிகவும் பலவீனமான திறப்பை வைத்தே முழு வீடும் தரப்படுத்தப்படுவதால், குளியலறையின் சிறு ஜன்னல் ஒன்றை விட்டுவைத்தாலும் மற்றவற்றுக்குச் செய்த செலவுக்கு உரிய தள்ளுபடி கிடைக்காது.