ரூ.21,000 கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? ஈ.எஸ்.ஐ.யும் கம்பெனி மெடிக்கல் பாலிசியும்

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு. போன சம்பள உயர்வின்போது முதலாளி என் முன்னால் இரண்டு வழி வைத்தார். மாதச் சம்பளத்தை 22,500 ஆக்கிக்கொண்டு, ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்து, 3 லட்ச ரூபாய் குரூப் மெடிக்கல் பாலிசியில் சேருவது ஒன்று. சம்பளத்தை 20,800-இல் நிறுத்தி, மிச்ச உயர்வை வருடத்துக்கு ஒருமுறை ஊக்கத்தொகையாக வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ.யிலேயே இருப்பது இன்னொன்று. இது குறுக்கு வழி இல்லை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் தரும் தொகையை, அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டம் சம்பளமாக எண்ணவில்லை.

நான் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டறையில் பாதிப் பேர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள். "காசு குடுத்தாலும் ஈ.எஸ்.ஐ. வேண்டாம்னு ஓடறாங்க, நீ என்னடான்னா…" என்றார் லேத்தில் நிற்கும் அண்ணன் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் கட்டணம். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 20,800-க்கு என்னிடம் பிடிப்பது 156 ரூபாய், முதலாளி போடுவது 676. பாலிசியில் நமக்குப் பிடித்தமே இல்லை, பிரீமியத்தை முதலாளி கட்டிவிடுவார். 156 ரூபாயை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

ஆஸ்பத்திரி வசதியில் பாலிசிதான் மேல். அட்டையைக் காட்டினால் பட்டியலில் உள்ள எந்தத் தனியார் மருத்துவமனையிலும் படுக்கலாம், வரிசை இல்லை, ரெஃபர் கடிதம் தேவையில்லை. ஆனால் பாலிசிப் பத்திரத்தில் அறை வாடகை என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட வேண்டும். பல குரூப் பாலிசிகளில் அது காப்புத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வித்தியாசமான மூவாயிரத்தை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைப்போம். ஆனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரை சாதாரணமாக இதில் வராது. ஈ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளி மருந்து உண்டு, ஒருவருக்கு இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது, நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் சேர்த்தி. ஏற்கெனவே இருக்கிற நோயா என்று கேட்பதும் இல்லை. அப்பாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இருந்தாலும் இதற்காகவும் நான் உள்ளே இருக்கவில்லை. பாலிசி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். படுத்திருக்கும் நாட்களின் சம்பளத்தை யார் கட்டுவது?

எங்கள் தெருக்காரர் ஒருவர், வேறு கம்பெனியில் டர்னர். முதுகுத் தண்டில் ஆபரேஷன். பில் முழுவதையும் கம்பெனி பாலிசி பார்த்துக்கொண்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கையில் இருந்த லீவு இரண்டாவது வாரத்தில் தீர்ந்தது. அதற்கப்புறம் வாடகை, பள்ளிக் கட்டணம், பைக் தவணை மூன்றும் அதனதன் தேதியில் வந்து நின்றன. நகையை அடகு வைத்தார்கள், அது போதாமல் வட்டிக்கு வாங்கினார்கள். பில் ஒரு ரூபாய் கூடக் கட்டாத குடும்பம் கடனாளியானது இப்படித்தான்.

ஈ.எஸ்.ஐ.யில் இதற்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. 20,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு மாதம் சுமார் 14,000 வருகிறது. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்கில் விழும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், ஒழுங்காக வேலைக்குப் போகிறவருக்கு இது தானாகவே நிறைந்துவிடும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்கள் என்றால் விகிதம் 80 சதவீதமாகிறது, இரண்டு ஆண்டு வரை நீள்கிறது. இதற்கு மட்டும் இரண்டு வருடமாவது தொடர்ந்து சந்தாதாரராக இருந்திருக்க வேண்டும்.

விபத்து என்றால் நிபந்தனை இன்னும் தளர்வு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பிரஸ்ஸில் விரல் போனாலும் உரிமை உண்டு, சந்தா நாள் கணக்கு கேட்பதில்லை. குணமாகும்வரை 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு சொல்லும் இழப்பு விகிதத்துக்கு ஏற்ப வாழ்நாள் முழுக்க மாதாமாதம். இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு மாதாமாதம். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், வேலை முடிந்து திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் 2010 திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. அவிநாசி ரோட்டில் தினமும் டூவீலரில் போய்வருகிறவனுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும்.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவருக்கு விபத்து இழப்பீடு இல்லாமல் இல்லை. 1923-ஆம் வருடச் சட்டம் அதற்காகவே வந்தது. ஆனால் அதில் பொறுப்பு முதலாளியின் தலையில், அதுவும் மொத்தத் தொகையாக. பெரிய கம்பெனிகள் அதற்கென்று தனி பாலிசி எடுத்துவைத்திருக்கும். பத்துப் பதினைந்து பேர் பட்டறையில் மெடிக்கல் பாலிசி இருக்கும், இது இருக்காது. விபத்து நடந்தபின் தொழிலாளியும் முதலாளியும் எதிரெதிர்க் கட்சிகளாக நிற்க வேண்டிவரும். ஈ.எஸ்.ஐ.யில் பணம் தருவது அந்தத் திட்டத்தை நடத்தும் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கூடவே, நான் இந்த முடிவை எடுத்தபோது நடப்பில் இருந்த 1948 சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றது. எந்த பாலிசிப் பத்திரத்திலும் இப்படி ஒரு வரி இருக்க வழியில்லை.

பி.பி. அடார்கர் 1944-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த திட்டம் இது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பில்லோடு, ஆலைத் தொழிலாளி படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலையும் சேர்ந்துதான் இதைக் கட்டினார்கள். நாமோ இதை "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மாதிரி ஒண்ணு" என்று சுருக்கிவிட்டோம்.

சரி, லேத் அண்ணனின் நியாயத்துக்கு வருகிறேன். டிஸ்பென்சரியில் காலையில் போனால் அரை நாள் கூலி போச்சு. எழுதிய மாத்திரை "அடுத்த வாரம் வாங்க" என்று ஆகிவிடும். பெரிய சிகிச்சைக்கு டிஸ்பென்சரி, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கிருந்து ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை என்று காகிதத்தோடு நடக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு உயர் சிகிச்சை உடனே கிடைக்காது, குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அரசு நிர்ணயித்த விலைக்குத்தான் தருவார்கள். கையை விட்டுப் போனது முழுக்கத் திரும்பாது. பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டிய இதய நோயாளி வீட்டில் இருந்தால், நானே பாலிசி பக்கம் சாய்ந்திருக்கக் கூடும்.

பிரசவ விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, எங்கள் பட்டறையில் பெண்கள் குறைவு. சட்டம் இப்படி: ஈ.எஸ்.ஐ.யில் 26 வாரச் சம்பளத்தைக் கார்ப்பரேஷன் முழுதாகத் தருகிறது. வெளியே இருப்பவருக்கும் அதே 26 வாரம் உண்டு, ஆனால் பணம் முதலாளி கையிலிருந்து போக வேண்டும். சின்ன முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிகிறது. ஈ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதனால் அட்டை உடனே செத்துவிடுவதில்லை. ஐந்து வருடமாவது சந்தாதாரராக இருந்து ஓய்வு பெற்றவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் சிகிச்சை பெறலாம். அறுபது வயதில் எந்த பாலிசி அந்த விலைக்குக் கிடைக்கும்?

உள்ளே இருந்ததில் எனக்கு நஷ்டமும் உண்டு. கிராஜுவிட்டியை மாதச் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். 1,700 ரூபாய் குறைவதால் ஒவ்வொரு வருடப் பணிக்கும் ஏறக்குறைய 980 ரூபாய் போகிறது. வங்கியில் கடன் கேட்டால் பே-ஸ்லிப்பில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பி.எஃப். எங்கள் பட்டறையில் 15,000 ரூபாய் வரம்புக்கே பிடிப்பதால் அதில் மாற்றமில்லை. உங்கள் கம்பெனியில் முழுச் சம்பளத்துக்கும் பிடித்தால் கணக்கு வேறு. 21,000-இலிருந்து ஒரேயடியாக 28,000, 30,000 என்று உயர்த்துகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு விபத்து பாலிசியும், மூன்று மாதச் செலவுக்கு ஒரு சேமிப்பும் வைத்தால் போதும். என் கணக்கு ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்காகக் கோட்டைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும்தான்.

2025 நவம்பர் 21 முதல், மேலே சொன்ன 1923, 1948 சட்டங்களுக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சம்பளம் என்பதற்கான விளக்கம் அதில் மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப்படி போன்றவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாத அளவுக்கு விலக்கு. அதனால் மொத்தமாக 21,000-க்கு மேல் வாங்குகிறவரும் கோட்டுக்குள் வர வாய்ப்பு இருக்கிறது. பத்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள இடத்திலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் விரும்பிச் சேரலாம். கையெழுத்துப் போடுவதற்குமுன் உங்கள் பே-ஸ்லிப்பில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

அப்புறம், உள்ளேயே இருக்கிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். பிடித்தம் செய்த சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பே-ஸ்லிப்பில் பிடித்தம் காட்டிவிட்டு கட்டாமல் இழுக்கும் இடங்களும் இருக்கின்றன. உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் நுழைந்தால் மாதவாரியாக எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று தெரியும். அந்த 78 நாள் அங்கே இருந்தால்தான் டாக்டர் சர்டிபிகேட்டுக்குப் பணம் வரும்.