மேல்வளிமண்டலக் கருவிகளுக்கு இந்தச் சோதனைக்கூடம் போதுமா?

மேல்வளிமண்டல ஆய்வுக்காக எங்கள் குழு உருவாக்கிய சிறிய செயற்கைக்கோளை, ஏவுதலுக்கு முந்தைய சோதனைகளுக்காக ஒரு வாடகைச் சோதனைக்கூடத்தில் 11 நாள்கள் வைத்திருந்தோம். அதிர்வு மேடையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வோர் அச்சிலும் முழு விசை கொடுப்பதற்கு முன்னும் பின்னும் மென்மையான அதிர்வைச் செலுத்திப் பார்த்து, ஒத்ததிர்வு அதிர்வெண் இடம் மாறவில்லை, அதாவது கட்டமைப்பு எங்கும் தளரவில்லை என்பதை வரைபடத்துடன் அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள்.

விண்வெளியின் வெற்றிடத்தையும் வெப்ப மாற்றங்களையும் உருவாக்கிக் காட்டும் வெப்ப வெற்றிட அறையில்தான் சிக்கல் எழுந்தது. 300 கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சியிருக்கும் மிக மெல்லிய காற்றில் அணு ஆக்சிஜனே மிகுதி. அதை அளக்கச் செல்லும் நிறை நிறமாலைமானியின் (வாயுத் துகள்களை நிறைவாரியாகப் பிரித்தறியும் கருவி) அருகே பசையும் கம்பி உறையும் நீராவியைக் கசியவிட்டால், செயற்கைக்கோள் தன் மூச்சையே அளந்து அனுப்பிக்கொண்டிருக்கும். 125 பாகை செல்சியஸ் வெற்றிடத்தில் 24 மணி நேரம் வைத்தால் நிறையிழப்பு 1 விழுக்காட்டையும், குளிர்ந்த பரப்பில் படியும் ஆவி 0.1 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்ற வழக்கமான வரம்பு பொருள்களைத் தேர்ந்தெடுக்க உதவும். இத்தகைய கருவிக்கு அது தொடக்கம் மட்டுமே. ஆகவே செயற்கைக்கோளைச் சூடேற்றி உலர்த்துவதோடு, அறையில் எஞ்சும் வாயுக்களையும் தொடர்ந்து பதிவு செய்யுமாறு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம்.

வாயுக்களை நிறை எண் வாரியாகக் காட்டும் முதல் பதிவில், எதிர்பார்த்த 18 என்ற நீராவி முகட்டுடன் 41, 43, 55, 57 ஆகிய நிறை எண்களிலும் முகடுகள் தெரிந்தன. எண்ணெய்ப் படலத்தின் கைரேகை என்றே அதைச் சொல்லலாம். பழைய படிவுகளை வெளியேற்ற அறையை முதலில் காலியாக வைத்துச் சூடேற்ற வேண்டும்; அதைச் செய்யாமலே எங்கள் கலத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். இரவுப் பணியிலிருந்த பொறியாளர் இதை மறைக்காமல் உடனே அழைத்துச் சொன்னதும், கலத்தை வெளியே எடுத்து அறையைக் கூடுதல் கட்டணமின்றித் தூய்மைப்படுத்தித் தந்ததும் பாராட்டத்தக்கவை. ஆயினும் இரண்டு நாள்கள் போயின. படக்கருவி மட்டும் சுமக்கும் கலங்களுக்குப் பழகிய கூடம் என்பது புரிந்தது, படக்கருவியின் வில்லைக்கும் எண்ணெய் ஆகாது என்றாலும்.

கலத்தைச் சூழ்ந்த மின்னூட்டத் துகள்களை அளக்கும் லாங்முயர் ஆய்விகளின் பொன் பூச்சை ஊழியர்கள் ஒருமுறைகூடத் தொடவில்லை. இதற்குத் தனி மதிப்பெண் தரலாம்.

அதிர்வுச் சோதனைக்கு மீண்டும் இங்கேயே வருவோம். வெற்றிட அறையை முன்பதிவு செய்பவர்கள், அதைக் காலியாகச் சூடேற்றி எடுத்த வாயுப் பதிவை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கலத்தை அனுப்ப வேண்டும். அந்தப் பதிவைப் படமாக மட்டும் தருவது இவர்கள் வழக்கம். சுற்றுப்பாதையில் கிடைக்கும் அளவீடுகளோடு பின்னர் ஒப்பிடுவதற்கு எண்கள் அடங்கிய கோப்பே தேவை என்பதால், அதையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.