உதைக்கும் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப்? நான்கை எடுத்து ஓர் அலசல்

மூன்று குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ஆனால் அடங்கிய இடம் மையத்துக்கு நான்கு அங்குலம் இடப்பக்கம். முந்தின வாரம் இதே 100 கெஜத்தில் நடுப்புள்ளியில் விழுந்தவை. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன், உதைக்குப் பயந்து தோளை இழுக்கிறேனோ என்று. அப்புறம் தோட்டாவை மாற்றினேன். அப்புறம் துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை இறுக்கினேன். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் நண்பரின் ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியை) கடன் வாங்கி மாட்டிய அன்றே எல்லாம் சரியானது. ஒரு மாதமும் மூன்று பெட்டித் தோட்டாவும் வீண். என் ஸ்கோப்பின் பெயர் இங்கே வேண்டாம். கண்ணாடி அருமையாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

துப்பாக்கி 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடுவது. அமெரிக்காவின் கொலராடோ மலையில் எல்க் என்ற பெரிய மானைத் தேடிப் போகிறவர்கள் பலர் வைத்திருப்பது. நடந்து ஏற வேண்டுமே என்று இலகுவாக வாங்கினேன், ஸ்கோப்போடு சேர்த்து ஏழரை பவுண்டு. அங்கேதான் வினை. 180 கிரெய்ன் எடையுள்ள குண்டை எட்டரை பவுண்டு துப்பாக்கியில் சுட்டால் உதை சுமார் 26 அடி-பவுண்டு. எடையை ஏழரையாகக் குறைத்தால் அது 29ஐத் தாண்டும். அதே ஏழரை பவுண்டில் 150 கிரெய்ன் குண்டு போடும் 308 வின்செஸ்டருக்கு சுமார் 16தான். என் தோளும் ஸ்கோப்பும் வாங்குவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

உள்ளே என்ன நடக்கிறது? ஸ்கோப்பின் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. அதன் பின்முனை கீல் போல ஓரிடத்தில் பிடிபட்டிருக்கும். முன்முனையை மேலிருந்து ஒரு திருகும் பக்கவாட்டில் ஒரு திருகும் அழுத்த, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தாங்கும். வெளியே டயலைத் திருப்பும்போது நாம் தள்ளுவது இந்தக் குழாயைத்தான். ஒவ்வொரு உதையிலும் அது குலுங்கி, பழைய இடத்துக்கே வந்து உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் கணக்கு எங்கோ போய்விடும்: 1 எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) விலகல் 100 கெஜத்தில் ஓர் அங்குலம்தான், 600 கெஜத்தில் ஆறேகால் அங்குலம். குழல் முனையில் பிரேக் (வாயுவைத் திசைதிருப்பி உதையைக் குறைக்கும் துண்டு) மாட்டினால் தோளுக்கு நிம்மதி. ஸ்கோப்புக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. பின்னால் போகிற துப்பாக்கியை வாயு சட்டென்று முன்னால் இழுக்கிறது. குலுக்கலின் திசைதான் மாறுகிறது.

அதனால் என் வரிசை இது: முதலில் ஜீரோ, அதாவது குறிபார்த்த புள்ளியிலேயே குண்டு விழும்படி அமைத்த நிலை, நிற்க வேண்டும். டயல் திருப்பிய அளவு நகர்ந்து, திருப்பினால் திரும்பி வர வேண்டும். மூன்றாவது எடை. கண்ணாடியின் தெளிவு நான்காவது. கடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அங்கே நாம் பார்க்க முடிவது தெளிவை மட்டும்தானே.

முதலில் லியுபோல்டு மார்க் 5எச்டி, 3.6-18x44 (பெருக்கம் 3.6 முதல் 18 மடங்கு வரை, முன்கண்ணாடி 44 மில்லிமீட்டர்). 1907இல் தொடங்கி, இப்போது ஒரிகன் மாநிலத்தின் பீவர்டனில் இருக்கும் கம்பெனி. இந்த மார்க் 5எச்டி வரிசையின் 5-25x56 ஸ்கோப்பைத்தான் 2020இல் அமெரிக்க ராணுவம் தன் புதிய ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு எடுத்துக்கொண்டது. 300 நார்மா, 338 நார்மா என்ற பலமான தோட்டாக்களைச் சுடுகிற துப்பாக்கி அது. உதை தாங்குமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம். டயல் ஜீரோவில் பூட்டிக்கொள்ளும், பையில் உரசித் திரும்பாது. குறை என்று பார்த்தால் 26 அவுன்ஸ் எடை. அப்புறம் 35 மில்லிமீட்டர் குழாய்: அதற்கான ரிங் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையம்) கிடைக்கும், ஆனால் எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது, விலையும் கூட. குறுக்குக்கோடு முதல் குவியத் தளத்தில் இருப்பதால், பெருக்கத்தைக் குறைத்தால் கோடும் மெலிந்துவிடும். மர நிழலில் அந்திப் பொழுதில் 3.6இல் வைத்துப் பாருங்கள், கோட்டைத் தேடுவீர்கள். விலை 2000 டாலரை ஒட்டி. பாதி நாளை 500 கெஜத்துக்கு மேல் சுட்டுப் பழகுவதில் கழிப்பவருக்கு இது சரி. எனக்கு அதிகம்.

அதே கம்பெனியின் விஎக்ஸ்-5எச்டி 3-15x44 முழுக்க வேறு சுபாவம். ஏறத்தாழ 20 அவுன்ஸ். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தாராளமான இடைவெளி கிடைக்கிறது. உதையில் ஸ்கோப் வந்து இடித்துப் புருவத்தில் வட்டமாக ஒரு வெட்டு வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதன் பெரிய வசதி, உங்கள் தோட்டாவுக்கென்றே செதுக்கித் தரும் டயல். குண்டு எது, வேகம் என்ன, எந்த உயரத்தில், எந்தக் குளிரில் சுடுவீர்கள் என்று எழுதிக் கொடுத்தால், கெஜக் கணக்கே அச்சாகி வரும். 450 என்று கெஜமானி (தூரத்தை அளக்கும் கருவி) சொன்னால் டயலில் 450க்குத் திருப்ப வேண்டியதுதான். அந்த வசதியிலேயே சிக்கலும் இருக்கிறது. வேறு தோட்டாவுக்கு மாறினால் டயல் பொய் சொல்லும். 5,000 அடி உயரத்துக்குச் செதுக்கியதை 10,000 அடியில் திருப்பினால், காற்று மெலிந்திருப்பதால் குண்டு சற்று மேலே போகும். 300 கெஜத்தில் தெரியாது, 600இல் தெரியும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே மலை என்று இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது நைட்ஃபோர்ஸ் என்எக்ஸ்எஸ் 2.5-10x42. ஐடஹோவின் ஒரோஃபினோவில் இருக்கும் கம்பெனி. அமெரிக்க மரைன் படையின் எம்கே13 மாட் 7 ரைஃபிளில் இருந்தது இவர்களுடைய இன்னொரு ஸ்கோப், அடாகர் 5-25x56. அந்த ரைஃபிள் சுடுவதும் 300 வின்செஸ்டர் மேக்னம்தான். அடாகர் ஒரு கிலோவைத் தாண்டும், மலைக்குத் தூக்கிப்போகிற சாமான் இல்லை. இந்த என்எக்ஸ்எஸ் 20.5 அவுன்ஸ். பத்து மடங்குதானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்க் ஒரு மாட்டின் அளவு. 600 கெஜத்தில் பத்து மடங்கில் பார்ப்பது 60 கெஜத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பது மாதிரி. அந்தத் தூரத்தில் மாட்டைத் தவறவிடுகிறவருக்கு இருபது மடங்கு கொடுத்தாலும் உதவாது. கம்பளிக் கையுறையோடு திருப்பினாலும் ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரிகிறது, எலும்பை நெட்டி முறிப்பது போல. ஜீரோவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் நிறுத்தமும் உண்டு. இருட்டில் தடவியே ஜீரோவுக்கு வந்துவிடலாம். கண்ணாடி சுமார் ரகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த விலைக்கு இதைவிடப் பளிச்சென்று காட்டுபவை உண்டு.

நான்காவது யாரும் எதிர்பார்க்காதது: எஸ்டபிள்யூஎஃப்ஏ 6x42. டெக்சாஸ்காரர்கள். நீண்ட காலம் 300 டாலருக்கு விற்றது. பெருக்கம் மாறாது, எப்போதும் ஆறுதான். குறுக்குக்கோட்டுக்கு விளக்கு இல்லை, ஜீரோ நிறுத்தம் இல்லை, டயல் ஒரு சுற்றுக்கு 5 மில்தான் (மில் இன்னொரு கோண அளவு) போகும். எத்தனாவது சுற்றில் இருக்கிறோம் என்று மறந்தால் அம்போ. எடையும் குறைவில்லை, 20 அவுன்ஸ் பக்கம். பிறகு ஏன் பட்டியலில்? பெருக்கத்தை மாற்றும் பாகங்கள் உள்ளே இல்லை. இல்லாத பாகம் குலுங்கித் தளராது. இன்னொன்று, 42ஐ 6ஆல் வகுத்தால், கண்ணுக்கு வருவது 7 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை. இருட்டில் நம் கண்மணி விரிவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொலராடோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுட அனுமதி உண்டு. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் இது தன்னைவிட ஐந்து மடங்கு விலையுள்ள ஸ்கோப்புகளோடு மல்லுக்கு நிற்கும். அடர்ந்த காட்டில் 30 கெஜத்தில் மிருகம் எழுந்து நின்றால் மட்டும் ஆறு மடங்கு தொல்லை. ரோமம்தான் தெரியும், மிருகம் தெரியாது.

எதை வாங்கினாலும் ரிங் திருகுகளைக் கை போன போக்கில் முறுக்காதீர்கள். பல ரிங்குகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, சிலவற்றுக்கு 25. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று வருகிற புகார்களில் ஒரு பங்கு இங்கேதான் பிறக்கிறது.

நான் என்எக்ஸ்எஸ்ஸை எடுத்தேன். மாட்டியதும் செய்த சோதனை இது. நான்கடி உயரக் காகிதத்தில் தூக்குக்குண்டு கட்டி நேர்கோடு இழுத்து, 100 கெஜத்தில் நட்டேன். அடியில் உள்ள புள்ளியைப் பார்த்து மூன்று குண்டு. டயலை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் மூன்று. 1 மில் 100 கெஜத்தில் 3.6 அங்குலம், ஆகவே 36 அங்குலம் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். டேப் வைத்து அளந்தேன்: கால் அங்குலம் குறைவு. அது என் கைப்பிழைக்குள் அடங்கும். பிறகு தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை முழங்கால் உயரத்திலிருந்து பாயின் மேல் இடம், வலம், மேல் என மூன்று பக்கமும் விழவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். மறுபடி மூன்று குண்டு. அதே இடம்.

பழைய ஸ்கோப்பை எறியவில்லை. மகனின் 22 காலிபர் துப்பாக்கியில் இருக்கிறது. உதையே இல்லாத அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்க்கிறது. தகர டப்பா ஒவ்வொன்றும் கண்ணாடி போல் தெளிவாகத் தெரிகிறது.