ஆன்லைன் டியூஷனுக்குக் காசு கொடுத்த ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வந்ததா?

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஹோம்வொர்க் ஃபைல்கள் வரிசையாக வந்து விழும். ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடிகிற நேரத்தில், திரும்பவும் பணம் கட்டுவதா, விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரே போதுமா என்ற கேள்வி வந்தது. டிஃபெண்டர் பக்கம் போய்விட்டேன். கூடவே, ஹோம்வொர்க் வாங்கும் இடத்தையும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாற்றினேன். ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

வைரஸைப் பிடிக்கும் திறமையைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் சோதனைகளில் டிஃபெண்டர் சில வருடங்களாகவே பெரிய பிராண்டுகளோடு சமமாக நிற்கிறது. காசு கொடுத்தால் கூடுதலாகப் பெற்றோர் கட்டுப்பாடு, செல்போனுக்கும் பாதுகாப்பு, போன் செய்தால் பேச ஆள் என்று கிடைக்கும். சென்னையின் கே7, புனேவின் குயிக் ஹீல் என்ற ஆன்டிவைரஸ்கள் இரண்டும் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையிலேயே வாங்கக்கூடியவை. இலவச ஆன்டிவைரஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பயனர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதாக அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இலவசம் என்றாலே எனக்கு யோசனை அதிகமாவது இதனால்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வாங்குகிற வருடம் தள்ளுபடி விலை. ரினியூவல் வரும்போதுதான் உண்மையான விலை தெரியும். கட்டாமல் விட்டால் புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் வருவது நின்றுவிடும். ஆனால் ஐகான் மட்டும் திரையோரத்தில் உட்கார்ந்திருக்கும். வேறொரு ஆன்டிவைரஸ் காவலில் இருக்கும்வரை டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், அது காலாவதியானதை விண்டோஸ் கண்டுகொண்டால்தான் திரும்ப வரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். லேப்டாப் வாங்கும்போது சோதனைக்காகப் போட்டுக் கொடுத்தது காலாவதியாகிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. "உங்கள் பாதுகாப்பு முடிந்தது" என்று பெட்டி வந்தால் பையன் மூலையில் இருக்கும் எக்ஸை அழுத்திவிட்டு வகுப்புக்குள் வந்துவிடுவான். என் கம்ப்யூட்டருக்கு நான் பணம் கட்டலாம். மாணவர் வீட்டு லைசென்ஸ் தேதிகளை யார் பார்ப்பது?

டிஃபெண்டருக்கு நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தேதி எதுவும் இல்லை. விண்டோஸ் அப்டேட்டோடு அதுவும் வந்துவிடும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா பார்க்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும். ஒரே சிக்கல், விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டருக்குப் புதுப் பட்டியல் வந்துகொண்டிருந்தாலும், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டரில் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. காசு கொடுத்த ஆன்டிவைரஸும் அந்த ஓட்டைகளை அடைக்காது.

அப்புறம், ஃபைல் வரும் வழி. வாட்ஸ்அப் எளிது, அம்மாக்களுக்கும் பழக்கம். ஆனால் செய்தி முனையிலிருந்து முனைவரை பூட்டியே போவதால், உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பால் பிரித்துப் பார்க்க முடியாது. 2025 அக்டோபரில் பிரேசிலில் பரவிய ஒரு வைரஸ், சிக்கியவரின் வாட்ஸ்அப் வெப் வழியாகவே அவருடைய தொடர்புகளுக்கும் குரூப்புகளுக்கும் ஜிப் ஃபைலை அனுப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கிளாஸ்ரூமில் கொடுத்தால் ஃபைல் கூகுள் டிரைவிலேயே இருக்கும். பிரவுசரில் திறந்து திருத்திவிடலாம். என் கம்ப்யூட்டரில் இறங்குவதே இல்லை. வேர்டு ஃபைலுக்குள் மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒளிந்திருந்தாலும் அங்கே ஓடாது. டவுன்லோடு செய்தால் 100 எம்பி வரை டிரைவ் ஸ்கேன் செய்கிறது. அதைத் தாண்டினால் 'ஸ்கேன் செய்ய முடியவில்லை' என்று எச்சரிக்கும். குறை என்றால், போன் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் ஆரம்பத்தில் திணறினார்கள். பென் டிரைவ் பற்றிப் பேசவே வேண்டாம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தால் ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறியிருக்கும் கதை எல்லாருக்கும் தெரியும்.

நான் அனுப்புவதெல்லாம் பிடிஎஃப்தான். பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வேர்டாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். உடனே பிள்ளை எழுத்துரு தேடிப் போய், ஏதோ ஒரு தளத்தில் பெரிய பச்சை 'டவுன்லோடு' பட்டனை அமுக்கும். பிடிஎஃபில் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் அந்தத் தேடலே இல்லை. மாணவர்களையும் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைக் காட்டும்படி செட்டிங் மாற்றச் சொல்லியிருக்கிறேன். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருப்பதால், 'பிடிஎஃப்' என்று முடிவதுபோல் தெரிவதற்குப் பின்னால், திறந்தால் நிரலாக ஓடும் ஓர் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருக்கலாம்.

அண்ணன் கிராக் செய்த கேம் போடும் கம்ப்யூட்டரில் டிஃபெண்டர், காசு கொடுத்த ஆன்டிவைரஸ் இரண்டுமே உதவாது. "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அந்தக் கேமோடு வரும் குறிப்பே சொல்கிறது. ஒரே இடத்திலிருந்து நிறைய கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்க வேண்டிய பள்ளிக்கோ கணக்கு அலுவலகத்துக்கோ காசு கொடுத்து வாங்குவது சரியாகவே இருக்கலாம். நான் ஒற்றை ஆள், அந்த அளவில் பழகியதில்லை.

டிஃபெண்டரோடு நிற்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பில், அனுமதி இல்லாத மென்பொருள் முக்கிய ஃபோல்டர்களில் கைவைக்காமல் தடுக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வழக்கமாக ஆஃபிலேயே இருக்கும், ஆன் செய்துவிடுங்கள். அதன்பின் வகுப்பு ரெக்கார்டிங் வீடியோஸ் ஃபோல்டரில் சேமிக்க மறுத்தால் பதற வேண்டாம். அந்த மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.