பாட்டில் சீல், கேபிள் சீல், ஈ-சீல்: கன்டெய்னர் கதவில் போட்டுப் பார்த்ததில் எது எப்படி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங்கும் டிஸ்பேட்ச்சும் பார்க்கிறேன். மாதத்துக்கு ஐந்தாறு கன்டெய்னர் எங்கள் வாசலில் லோடு ஏற்றி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று போய் தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும். அதன் கதவில் போடுகிற சீல்களை இத்தனை வருடமாக டப்பா டப்பாவாக வாங்கியவன் நான். சீல் வாங்கப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் "எல்லாம் ஒண்ணுதாங்க, எது விலை கம்மியோ அதைப் போடுங்க" என்றுதான் பதில் வருகிறது. எல்லாம் ஒன்று இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மனிக்குப் போன ஒரு 40 அடி கன்டெய்னரில் 14 பெட்டி குறைவு என்று பையரிடமிருந்து மெயில் வந்தது. சீல் உடைந்திருக்கிறதா என்று கேட்டோம். இல்லை, அப்படியே இருக்கிறது, நம்பரும் டாக்குமென்டில் உள்ளதுதான் என்று போட்டோவோடு பதில் வந்தது. இந்த இடத்தில்தான் நமக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் முழு கன்டெய்னராக நாமே ஏற்றி நாமே சீல் போட்டு அனுப்பும்போது பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தருகிற சரக்கு ரசீது) "ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுன்ட்" என்று ஒரு வரி இருக்கும், அதாவது ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவர், உள்ளே எவ்வளவு இருந்தது என்பது கப்பல் கம்பெனிக்குத் தெரியாது என்று பொருள். சீல் உடையாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், குறைந்த பெட்டிக்கு நீதான் குறைவாக ஏற்றியிருப்பாய் என்று பேச்சு நம் பக்கம் திரும்பும். எங்கள் லோடிங் ஷீட்டில் பெட்டி எண்ணிக்கை சரியாக இருந்தது, லோடுமேன்கள் முன்னால் நானே நின்று டிக் அடித்த ஷீட் அது. ஆனால் அது எங்கள் காகிதம், எதிர்ப்பக்கம் அதை ஏன் நம்ப வேண்டும்?

பையர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சீலில் ஒரு கீறல் இல்லை. அதற்கு ஒரு ஜாண் தள்ளி, கதவின் கைப்பிடியை, கதவைப் பூட்டுகிற நெட்டுக் கம்பியோடு சேர்க்கிற ரிவெட் மட்டும் புதிதாக இருந்தது. சுற்றியிருந்த பெயின்ட் துருவோடு மங்கிக் கிடக்க, அந்த ரிவெட்டின் தலையில் மட்டும் பளிச்சென்று பெயின்ட். ரிவெட்டைக் கழற்றிவிட்டால் கைப்பிடி சீலோடு சேர்ந்து அப்படியே தொங்கும், பூட்டுக் கம்பி தனியாகத் திரும்பும், கதவு திறக்கும். வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்து பெயின்ட் பூசிவிட்டால் சீல் சாட்சி சொல்லாது. இது எந்த இடத்தில் நடந்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது, அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பணம் மட்டும் போனது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சீலையும் கையில் எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தேன்.

பிளாஸ்டிக் சீல். வாலை இழுத்தால் இறுகுகிற வகை. உள்ளூர் வண்டிக்கு, டையிங், பிரின்டிங் யூனிட்டுக்குப் போகும் மூட்டைக்கு இது போதும். யாரோ பிரித்தார்கள் என்று தெரிந்தால் சரி என்கிற இடத்துக்கு மட்டும். ஐ.எஸ்.ஓ. 17712 என்று ஒரு தரம் இருக்கிறது, அதில் சீல்களை வலுவை வைத்து, கீழிருந்து மேலாக மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஐ, எஸ், எச். பிளாஸ்டிக் எல்லாம் அடிமட்டமான ஐ வகை. ஏற்றுமதி கன்டெய்னர் கதவில் அதைப் போடவே கூடாது.

அப்புறம் நாம் எல்லாரும் போடுகிற போல்ட் சீல். சிலர் ஒன் டைம் லாக் என்பார்கள், உருவத்தைப் பார்த்து பாட்டில் சீல் என்பார்கள். ஒரு ஆணி, ஒரு குப்பி, இரண்டே துண்டு. ஆணியைக் கைப்பிடி ஓட்டையில் மேலிருந்து விட்டு, கீழே குப்பியை வைத்து ஓர் அமுக்கு, உள்ளே இருக்கிற வளையம் ஆணியின் பள்ளத்தில் விழும்போது "டக்" என்று ஒரு சத்தம். அதற்கு மேல் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எச் வகை என்றால் 10 கிலோ நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தொங்கவிட்ட மாதிரி. எஸ் வகைக்கு 2.27 போதும். வித்தியாசம் எவ்வளவு பாருங்கள், ஆனால் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே கண்ணால் பிரிக்க வராது. அதனால் சீலின் மேலேயே எச் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், டப்பாவின் மேல் இருந்தால் போதாது. சோதனைக் கூடத்தின் சான்றிதழையும் கேளுங்கள், நல்ல சப்ளையர் முகம் சுளிக்காமல் அனுப்புவார்.

இரண்டு கம்பெனி போல்ட் சீலை வாங்கி ஒரே மாதிரி சோதித்தேன். ஒன்று 22 ரூபாய், இன்னொன்று 38. எங்கள் செக்கிங் டேபிளில் ஆயில் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன் இருக்கும், திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அதை வைத்து 22 ரூபாய் சீலின் நம்பர் மேல் அடித்து, வேஸ்ட் துணியால் நாலு தேய்ப்பு தேய்த்தேன். நம்பர் துணியோடு வந்துவிட்டது. வெறும் வெள்ளைக் குப்பி கையில், அதில் யார் வேண்டுமானாலும் எந்த நம்பரையும் அச்சடித்துக்கொள்ளலாம். இன்னொன்றில் ஆணித் தலையிலும் குப்பியிலும் லேசரில் பொறித்திருந்தார்கள், எவ்வளவு தேய்த்தும் ஒரு எழுத்து மங்கவில்லை. ஆயத்த ஆடை நிறைந்த கன்டெய்னரில் இந்த 16 ரூபாயை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம் என்று முதலாளியிடம் கேட்டேன், அன்றே மாற்றச் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம், பூட்டிய பிறகு குப்பியைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். மலிவானது வளவளவென்று சுற்றியது. நல்லதில் ஆணிக்கும் குப்பிக்கும் தட்டையான பக்கம் வைத்து ஒன்றோடொன்று சுற்றாதபடி செய்திருந்தார்கள், சுழற்றிச் சூடேற்றிக் கழற்றுகிற வேலை அதில் நடக்காது. நான் இப்போது அந்த வகையை மட்டும்தான் வாங்குகிறேன்.

வெட்டியும் பார்த்தேன். 36 அங்குல போல்ட் கட்டர், ஒரே ஆள், உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்கினான், டங்கென்று தெறித்தது. சில நொடி வேலை. இதைப் பார்த்த எங்கள் புதுப் பையன் "அப்ப எதுக்குண்ணா இது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். வீட்டுப் பூட்டு ஆளை உள்ளே விடாமல் தடுக்க. இது யாராவது உள்ளே போயிருந்தால் காட்டிக் கொடுக்க. வெட்டலாம், ஆனால் வெட்டியதை மறைக்க முடியாது, அதே நம்பரில் இன்னொன்று கிடைக்காது. அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். செய்கிறது, நம்பர் பொறித்திருந்தால்.

ஈ-சீல் என்பது இதே போல்ட் சீலுக்குள் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு, அதாவது ரேடியோ அலையில் படிக்கிற சில்லு வைத்தது. பேட்டரி கிடையாது, ரீடரைக் காட்டினால் நம்பரைச் சொல்லும். முன்பெல்லாம் ஆலையில் சீல் போட எக்சைஸ் அதிகாரி வர வேண்டும், அவர் வருகிற நேரம் வரை வண்டி வாசலில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏற்றுமதியாளரே சீல் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள், அந்த வருடம் நவம்பரிலிருந்து அதற்கு ஈ-சீல் கட்டாயமாயிற்று. சீல் போட்டதும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காக கஸ்டம்ஸில் போடுகிற பத்திரம்) நம்பர், வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும், துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ரீடரில் படித்து ஒப்பிடுவார்கள். சீலில் கை வைத்திருந்தால் கன்டெய்னரைத் திறந்து பரிசோதிப்பது கட்டாயம். சாதாரண போல்ட் சீலைவிடப் பல மடங்கு விலை. இருந்தும் எனக்கு இதில் வருத்தமில்லை, அதிகாரிக்காகக் காத்திருந்த ராத்திரிகளை நினைத்தால் இது பெரிய நிம்மதி. ஒரே குறை, பையர் கோடவுனில் இதைப் படிக்க ரீடர் கிடையாது. அவர்களுக்கு இது வெறும் நம்பர் போட்ட இரும்புதான். தூத்துக்குடி வரைக்கும் இதன் சாமர்த்தியம், அதற்கப்புறம் கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பா போகிற வழியெல்லாம் பழைய கதைதான்.

இங்கேதான் என் பிழையையும் சொல்ல வேண்டும். காலி கன்டெய்னர் எடுக்கும்போது ஷிப்பிங் லைன், அதாவது கப்பல் கம்பெனி, தன் சீல் ஒன்று கொடுக்கும். அதுவும் ஈ-சீலும் ஆக இரண்டு சீல், இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். இரண்டையும் வலது கதவின் கைப்பிடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தோம், வருடக்கணக்காக! ரிவெட் கழன்றால் இரண்டும் சேர்ந்தே தொங்கும் என்பது அந்த 14 பெட்டி போன பிறகுதான் உறைத்தது.

எங்களுக்கு வருகிற டிரைவர் அண்ணன் ஒருவர், முப்பது வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டுகிறவர், இதைக் கேட்டதும் கன்டெய்னர் பக்கத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "சீலை மட்டும் பாத்தா எப்படிங்க தம்பி, கைப்பிடிய ஆட்டிப் பாருங்க, கம்பியோட சேந்து ஆடுதா தனியா ஆடுதான்னு பாருங்க" என்றார். குனிந்து கதவின் அடியையும் காட்டினார். புதுக் கன்டெய்னர்கள் சிலவற்றில் கம்பியின் நுனி போய்க் கவ்வுகிற இடத்திலேயே சீல் போட ஓட்டை இருக்கிறது. அங்கே போட்டால் கைப்பிடியைக் கழற்றி ஒன்றும் ஆகாது, கம்பியே அசையாது. அந்த ஓட்டை இருக்கிற கன்டெய்னர் வந்தால் இப்போது ஒரு சீல் அங்கேதான் போகிறது.

அந்த ஓட்டை இல்லாத கன்டெய்னருக்குத்தான் கேபிள் சீல். இதைத்தான் இந்த முழுப் பதிவிலும் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். இரண்டு கதவின் நடுக் கம்பிகளையும் சேர்த்துச் சுற்றி, அலுமினியத் தலைக்குள் விட்டு இழுத்தால் போதும், ஒரு பக்கம் மட்டும்தான் போகும், திரும்பி வராது. கைப்பிடி என்ன ஆனாலும் இது அறுபடாமல் கதவு திறக்காது. நான் 5 மில்லிமீட்டர் கேபிள், எச் எழுத்து உள்ளதாக வாங்குகிறேன். 1.5 மில்லிமீட்டர் கேபிளும் கிடைக்கிறது, டேங்கர் வால்வு மாதிரி இடத்துக்கு அது, கதவுக்கு ஆகாது.

இதை வெட்டிப் பார்த்தபோது பிடித்துப்போனது. வெட்டிய நொடியில் கம்பி இழைகள் பிரிந்து விளக்குமாறு நுனி மாதிரி விரிந்துவிட்டன. திரும்பச் சேர்த்து முறுக்கித் தலைக்குள் நுழைக்க அரைமணி நேரம் முயன்றேன், விரலில் குத்தியதுதான் மிச்சம். வேண்டுமென்றே அப்படித்தான் கம்பியை முறுக்கியிருக்கிறார்கள். மலிவான சிலவற்றில் வெட்டினாலும் இழை பிரியாமல் அப்படியே நிற்கும், வாங்கும் முன் ஒன்றை வெட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேபிளில் குறையும் உண்டு. இழுத்து இறுக்க இரண்டு ஆள் வேண்டும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. தளர்வாக விட்டால் கதவில் இரண்டு விரல் சந்து கிடைக்கும், அது போடாததற்குச் சமம். மிஞ்சிய வாலை வெட்டாமல் விட்டால் பையர் கோடவுனில் ஆளுக்குக் கை கிழியும், எங்களுக்கு ஒரு முறை கம்ப்ளெயின்ட் வந்தது. எங்களுக்கு ஒன்று 70 ரூபாய் ஆகிறது.

சீலை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் டப்பாவை டேபிளில் திறந்து வைத்தால் வீண். நாங்கள் பீரோவில் பூட்டி, ரெஜிஸ்டரில் நம்பர் எழுதி, இரண்டே பேர் கையெழுத்தில் எடுக்கிறோம். போட்டதும் நம்பர் தெரிய ஒரு போட்டோ, அப்புறம் கதவு முழுவதும், கைப்பிடி ரிவெட், கீல் எல்லாம் தெரிகிற மாதிரி இன்னொன்று. அமெரிக்க பையர்கள் கேட்கிற சோதனை நாலு படி: சீலைப் பார், நம்பரை ஒப்பிடு, இழுத்துப் பார், திருகிப் பார். நான் அதோடு ரிவெட்டைப் பார் என்று ஐந்தாவதாகச் சேர்த்து, லோடிங் ஷீட்டின் அடியில் தமிழில் அச்சடித்துவிட்டேன்.

பையரிடமும் ஒன்று கேட்டு வாங்கினோம்: வெட்டுவதற்கு முன் இதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று. முதலில் இரண்டு பேர்தான் ஒத்துக்கொண்டார்கள், இப்போது ஒருவர் தவிர எல்லாரும் அனுப்புகிறார்கள். அந்த 14 பெட்டிக்குப் பிறகு இன்று வரை ஒரு பெட்டி குறையவில்லை. போன வாரம் லோடு ஏற்ற வந்த கன்டெய்னரில் ரிவெட் லேசாக ஆடியது, பெயின்ட்டும் புதிது. கன்டெய்னரைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு கேட்டோம், நாலு மணி நேரம் தாமதம், ஆனாலும் துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட் ஆஃப் தவறாமல் போய்ச் சேர்ந்தது.