ஹெட்லைட் மூடி வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

புதிதாகக் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார்) கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், முன்விளக்கின் மேல் பொருத்துகிற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹெட்லைட் மூடிகளையும் சேர்த்து ஆர்டர் கொடுக்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சில ஆண்டுகளாக அந்த மூடிகளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டியின் கீழ்ப்பாதி முழுக்க மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். மேலே இருப்பது 1950களின் பந்தயக் கார் சாயலில் வார்த்த ஃபைபர் பாடி. இங்கிலாந்தில் இந்தச் சேர்க்கை புதிதல்ல என்பதால் எஞ்சின், கியர்பாக்ஸ் பற்றியெல்லாம் நான் சொல்ல ஒன்றுமில்லை, அவை உழைக்கின்றன. மூடிகள்தான் என்னை வேலை வாங்குகின்றன.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுவதற்கு வசதியாக இருக்கும். முன் மட்கார்டின் சரிவு விளக்குப் பள்ளத்தில் வந்து அறுந்து போகாமல், மூக்கு வரை ஒரே கோடாக இறங்குவது அந்த மூடியால்தான். 1961இல் ஜாகுவார் ஈ-டைப் வந்தபோது அதன் முகத்துக்குப் பாதி வசீகரம் தந்தது கண்ணாடி மூடிதான். 1967இல் அதை எடுத்துவிட்டார்கள். எரியும் விளக்கின் முன்னால் எந்த மறைப்பும் கூடாது என்ற அமெரிக்க விதி 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரவிருந்தது. வண்டி அதேதான், முகம்தான் மாறியது. மூடியுள்ள பழைய ஈ-டைப்புக்கு இன்றும் தனி மவுசு. அழகு விஷயத்தில் எனக்கு வாதமே இல்லை.

இனி பொட்டலத்தைப் பிரிப்போம். சூடாக்கி அச்சில் இழுத்த இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள், சுற்றிலும் கை அகலத்துக்கு உபரி. கூடவே ஒரு தாள், அதில் ஒரே வரி: "தேவைக்கேற்ப வெட்டிப் பொருத்தவும்." வெட்டுக்கோடும் இல்லை, மாதிரி அட்டையும் இல்லை. விற்பவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஃபைபர் பாடி கையால் பூசி எடுக்கிற பொருள், ஒரு வண்டியைப் போல இன்னொன்று வராது. ஏன், ஒரே வண்டியின் இடமும் வலமும்கூட ஒத்துப் போவதில்லை; என் வண்டியில் இடப் பள்ளம் வலதைவிட அரை சென்டிமீட்டர் நீளம். இதையெல்லாம் தெரிந்த ஆள் அந்தத் தாளில் இன்னும் நான்கு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

அந்த நான்கு வரியை நானே எழுதுகிறேன். பள்ளத்தின் விளிம்பு நெடுக மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடி உட்காரவேண்டிய கோட்டை அதில் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். மூடியின் பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் மேலே வைத்துப் பிடித்தால் கோடு உள்ளிருந்து தெரியும்; அதை மார்க்கரால் படலத்தின் மேல் எடுத்துக்கொள்ளலாம். வெட்டும்போது கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். வேகமாகச் சுழலும் வெட்டுத்தட்டை இங்கே எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் அறுபடாமல் உருகும், தட்டு நகர்ந்ததும் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். நுண்பல் ரம்பம், நிதானமான கை, இரண்டு பக்கமும் மரத்துண்டு தாங்கல், இவை போதும். மிச்ச 3 மி.மீட்டரை அரத்தாலும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். 120ஆம் எண் தாளில் ஆரம்பித்து, 240, கடைசியில் தண்ணீர் தொட்டு 400. தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதுமாக ஒரு மாலைப்பொழுது போய்விடும். விளிம்பில் பல் போல ஒரு சிறு பிசிறு நின்றாலும் நாளை விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால், கடைசியாகக் கத்தியின் முதுகால் ஒருமுறை சுரண்டிவிடுவது நல்லது. விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

துளையிடுவது இதைவிட நெஞ்சைப் பிடிக்கிற வேலை. சாதாரண ட்ரில் பிட்டின் கூர்முனை, மறுபுறம் வெளிவரும் நொடியில் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும். அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக் என்றால் அப்பளம்போல நொறுங்கும். கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கிய பிட்டோ, படிப்படியாக அகலும் பிட்டோ வேண்டும். வேகம் குறைவாக இருக்கட்டும், அடியில் மரம் இருக்கட்டும். துளையின் அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 4 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளை போட வேண்டும். 40 செ.மீ. நீளமுள்ள மூடி, பனிக்காலக் காலைக்கும் கோடை வெயிலில் நிறுத்திய மதியத்துக்கும் இடையே ஒரு மி.மீட்டருக்கு மேல் நீளும், சுருங்கும். அடியிலிருக்கும் ஃபைபர் அதில் பாதிகூட அசையாது. துளை இறுக்கமாக இருந்தால் பிளாஸ்டிக் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். திருகின் கீழ் நைலான் வாஷர் போட்டு, கையால் இறுக்குவதோடு நிறுத்திவிடலாம். திருகு தளராமலிருக்கப் பூசும் பசையை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அக்ரிலிக்கையும், மூடிக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டையும் அது மயிரிழை மயிரிழையாக வெடிக்க வைக்கும்.

நண்பரின் அடுத்த கேள்வி, இரண்டில் எது? என் முதல் ஜோடி அக்ரிலிக். கண்ணாடி மாதிரி பளபளத்தது, வெயிலில் மஞ்சளாகவில்லை, சின்னக் கீறல்களைப் பாலிஷ் போட்டு எடுக்க முடிந்தது. நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் எறிந்த ஒரு கல்லோடு வலது மூடியின் கதை முடிந்தது. இப்போது இருப்பது பாலிகார்பனேட். கல்லுக்கு அஞ்சாது, ஆனால் தூசியோடு துணி வைத்துத் துடைத்தாலே கோடு விழும். பாலிஷ் போடலாம் என்றால், புற ஊதாக் கதிரைத் தடுக்கிற மேற்பூச்சும் சேர்ந்து போய், பிறகு மஞ்சள் ஏறும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமென்றால் பாலிகார்பனேட், ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால் அக்ரிலிக். இதில் எனக்குக் குழப்பமில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டுவதும் தேய்ப்பதும் ஒருமுறை வேலைதான். எனக்குத் தீராத எரிச்சல் வேறொன்று. விளக்கின் ஒளிக்கற்றையை ஏற்றி இறக்கும் திருகுகள் மூடிக்கு உள்ளே இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில், "இடது விளக்கு கொஞ்சம் மேலே பார்க்கிறது, திருத்திக் கொடுங்கள்" என்பார்கள். மற்றவர்களுக்கு அது அரை நிமிட வேலை. நான் எட்டுத் திருகைக் கழற்றி, எட்டு வாஷரைச் சட்டைப்பையில் போட்டு, ரப்பர் பட்டையை உரித்து, மூடியைத் தூக்கிப் பக்கத்து பெஞ்சில் படுக்க வைக்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பல்பு போனாலும் இதே சடங்கு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எந்தத் துளையில் புது விரிசல் தெரியுமோ என்ற பயம் வேறு. இந்த முன்மட்கார்டை வரைந்தவர் பின்பக்கத்தில் ஒரு கை நுழையும் ஜன்னல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவர் ஒருமுறையாவது மழையில் பல்பு மாற்றியிருந்தால் வைத்திருப்பார்.

உள்ளே ஆவி படிவதையும் சொல்லியாக வேண்டும். கீழ்முனையில் ஒரு வடிகால் துளை போட்ட பிறகு வெகுவாகக் குறைந்தது, நவம்பரில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. வெளிச்சமும் குறையும். நேர்செங்குத்தாக நின்றாலே தெளிந்த பிளாஸ்டிக் சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பியடித்துவிடும். இவ்வளவு சரிவாக நிற்கும்போது இழப்பு அதைவிடக் கூடுதல். கிராமத்துச் சாலையில் இரவில் ஓட்டினால் உடனே உணரலாம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விளக்கைத் திறந்தே விடுங்கள், நிம்மதியாக இருப்பீர்கள்.

அவர் கேட்ட அதே வாரத்தில் விற்பவர் விலையைக் குறைத்திருந்தார். நான் ஒரு ஜோடி உபரியாக வாங்கி வைத்துவிட்டேன். அச்சு தேய்ந்துபோய் அடுத்த ஆண்டு வார்ப்பதை நிறுத்திவிட்டால் எங்கே போய்த் தேடுவது?