ஒன்பது ஆண்டுகளாக ஒரு பேஸ் செட்: டிரான்ஸ்மிட்டர் எனக்குக் கற்றுத் தந்தவை

என் மேசையில் ஒரு 45 வாட் விஎச்எஃப் பேஸ் செட் (ஓரிடத்தில் வைத்துப் பேசும் இருவழி ரேடியோ) ஒன்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரிசீவரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, கேட்கிறது, அவ்வளவுதான். என்னைப் படுத்தியது டிரான்ஸ்மிட்டர். ஆனால் ஒருமுறைகூடக் குற்றம் அதனுடையதாக இருந்ததில்லை.

மைக் பொத்தானை அழுத்தியதும் உள்ளே முதலில் வேலை செய்வது பிஎல்எல், அதாவது அலைவெண்ணைப் பூட்டி வைக்கும் சுற்று. வெப்பத்துக்கு அசையாத ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து விசிஓவை (மின்னழுத்தத்துக்கு ஏற்ப அலைவெண் மாறும் ஆசிலேட்டர்) சரியான அலைவெண்ணில் பிடித்து நிறுத்துகிறது. பிடி கிடைக்காவிட்டால் செட் வெளியே எதையும் அனுப்பாது. நம் குரல் ஏறுவது இந்த விசிஓவின் மேல்தான். அதற்கு முன் உயர் சுருதிகளை வலுவாக்கி, லிமிட்டரில் உச்சியை வெட்டி, சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை ஃபில்டரில் நிறுத்திவிடுகிறார்கள். 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அலைவெண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடலாம், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அதில் பாதிதான்.

இது தெரியாமல் முதல் இரண்டு ஆண்டுகள் மைக்கில் கத்தினேன். கத்தினால் தூரம் கூடாது. லிமிட்டர் இன்னும் அதிகமாக வெட்டும், எதிர்முனையில் குரல் கரகரக்கும். மைக்கை நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துச் சாதாரணமாகப் பேசியதும் புகார்கள் நின்றன.

விசிஓவிலிருந்து வருவது சில மில்லிவாட்தான். பஃபர், டிரைவர், ஃபைனல் என்ற பெருக்கிகளில் படிப்படியாக ஏறி 45 வாட் ஆகிறது. அப்புறம் ஹார்மானிக்ஸை (அலைவெண்ணின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள்) வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர், ஆன்டெனா ஸ்விட்ச், வெளியே. 13.8 வோல்ட்டில் என் செட் 10 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 138 வாட். ஆன்டெனாவுக்குப் போகும் 45 வாட் போக மிச்சமெல்லாம் சூடு. வயரில் 0.1 ஓம் கூடுதலாக இருந்தாலே ஒரு வோல்ட் விழுந்துவிடும். மெல்லிய சப்ளை வயரை மாற்றும்வரை அழுத்தும்போதெல்லாம் டிஸ்ப்ளே மங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மழைக்காலத்தில் பவர் 15 வாட்டுக்கு இறங்கியது. ஃபைனல் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். நல்லவேளை, செட்டைத் திறக்குமுன் ஆன்டெனா கேபிளுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (பவரைச் சூடாக மாற்றித் தின்னும் மின்தடை) மாட்டிப் பார்த்தேன்: 45 வாட்! வெளியே போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் தனித்தனியே அளக்கும் ஒரு கப்ளர் உள்ளே இருக்கிறது. திரும்பி வருவது கூடினால் ஏபிசி என்ற தானியங்கிப் பவர் கட்டுப்பாட்டுச் சுற்று டிரைவரை அடக்கிப் பவரைக் குறைத்துவிடும். கேபிளின் கீழ்முனை கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. செட் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதன்மேல் பழி போட்டேன்.

இரண்டாவது முறை ஏமாந்தது இன்னும் மோசம். பவர் மீட்டரில் 45 வாட், எஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3, எல்லாம் அழகு. ஆனால் முன்பு எளிதாகப் பிடித்த இடங்கள் பிடிக்கவில்லை. பல வாரம் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தேன், மைக்கை மாற்றினேன். கடைசியில் கேபிளின் மேல்முனையில் டம்மி லோடும் மீட்டரும் வைத்து அளந்தால் 20 வாட்டுக்கும் குறைவு. பழைய கேபிள் பாதிக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கும் கேபிள் திரும்பி வரும் அலையையும் சேர்த்தே விழுங்கும். அதனால் கீழே மீட்டருக்கு எல்லாம் நலமாகத் தெரியும். 3 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே எஸ்டபிள்யூஆர் 3தான் காட்டும். செட்டின் ஏபிசியும் இதே பொய்யைத்தான் நம்பியது. கீழ்முனை அளவை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

கேபிளை மாற்றி, கனெக்டர்களில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வருடம் ஒருமுறை மேல்முனையில் அளக்கிறேன். செட்டுக்குள் நான் இதுவரை மாற்றியது ஃபேன் மட்டும்தான், அதுவும் இரண்டு முறை.